கம்பி எங்கே தொட வேண்டும்?

பாளையங்கோட்டையில் ஞாயிறு ஆராதனைக்குப் பாடகர் குழுவோடு கிட்டார் வாசிக்கும் இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "அண்ணே, மூணாவது ஃப்ரெட்ல மட்டும் பஸ் அடிக்குது" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். கம்பியை அழுத்தி மீட்டியதும் சுரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு 'ஜ்ஜ்' கிளம்பும். பித்தளைத் தட்டின் மேல் ஊசி துடிப்பது போன்ற அந்தச் சத்தத்தைப் போக்கக் கம்பியை மாற்றுவார்கள், அழுத்தி வாசிப்பார்கள், கடைசியில் கிட்டாரையே குறை சொல்வார்கள்.

அதே ஊரில், அதே மாலையில், ஏதோ ஒரு வீட்டு முன்னறையில் பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். அங்கே ஆசிரியை தம்புராவைச் சுருதி சேர்த்து முடித்திருப்பார். நான்கு கம்பிகளும் சரியான சுரத்தில் நிற்கும். ஆனாலும் அவருக்குத் திருப்தி வராது. வெள்ளை நூற்கண்டிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, கம்பிக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே செருகுவார். இழையை மயிரளவு மேலே இழுப்பார், மீட்டுவார். கீழே தள்ளுவார், மீட்டுவார். முதலில் 'டங்' என்று மூடிக்கொண்டு ஒலித்த கம்பி, இழை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் திறந்துகொண்டு ரீங்கரிக்கும். அந்த இடத்தைத் தாண்டினால் மறுபடி மூடிக்கொள்ளும். திரும்ப அந்த இடத்துக்கே இழையைக் கொண்டுவந்து, "ஜீவா பிடிச்சாச்சு" என்று அடுத்த கம்பிக்குப் போவார்.

இயற்பியலின் கண்ணுக்கு இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான். அதிரும் கம்பி ஒரு கெட்டிப் பொருளைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது. கிட்டார்க்காரர் அதைத் துரத்துகிறார். தம்புராக்காரர் அதற்கு உயிர் என்றே பெயர் வைத்து வரவேற்கிறார். பழக்கம், ரசனை என்று சொல்லி இதைக் கடந்து போய்விடலாம். ஆனால் கம்பி எந்த இடத்தில் தொடுகிறது, எப்படித் தொடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

கம்பிக் கருவியின் பழுதுகளைப் பற்றித் தமிழர்கள் யோசிக்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி யாழைக் கையில் எடுக்கும் இடத்தில் நரம்பின் நான்கு குற்றங்கள் பேசப்படுகின்றன: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. ஓசை இனிமையின்றிக் கெடுவது ஒன்று. அளவுக்கு மிஞ்சி ஒலிப்பது ஒன்று. அமுங்கி மழுங்குவது ஒன்று. சிதறி ஒலிப்பது ஒன்று. இன்றைய கிட்டார் பழுதுபார்ப்பவர் தம் கடையில் கேட்கும் புகார்களும் இந்த நான்கில் அடங்கிவிடும். சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன் தனக்குக் கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். மரம் நீரில் நின்றது, வெந்தது, இடி விழுந்தது என்று காரணம் சொல்லித் தள்ளுகிறான். ஒலியில் குறை கேட்டால் மரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற அந்த எண்ணம் முழுக்கச் சரியானது. நெல்லையில் அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கிட்டாரின் கணக்கு. இரும்புக் கம்பி பூட்டிய சாதாரண கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடை தொங்குவதற்கு ஈடான இழுவிசையோடு கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கழுத்தின் மேல், கம்பிகளுக்குக் குறுக்கே பதித்த 20 உலோகப் பட்டைகள்; அவைதான் ஃப்ரெட்கள். 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி 2.4 மில்லிமீட்டர் உயரத்திலும், மெல்லிய கம்பி 1.8 மில்லிமீட்டர் அளவிலும் நின்றால் வாசிக்க வசதி என்று பெரும்பாலோர் கொள்வார்கள். கையில் வாங்கிப் பார்க்கும்போது 'ஆக்‌ஷன் அதிகம், ஆக்‌ஷன் கம்மி' என்று சொல்வது இந்த உயரத்தைத்தான். உயரம் கூடினால் விரல் வலிக்கும். குறைந்தால் கம்பிக்கு ஆட இடம் இருக்காது.

மீட்டிய கம்பியின் வீச்சு எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு முனைகளில் சுழி, நடுவில் உச்சம். அடிப்படை அதிர்வை மட்டும் எடுத்துக்கொண்டால், கம்பி ஆடும் எல்லை நடுப்பகுதி பருத்த ஒரு நீண்ட வடிவம். அதனால் ஃப்ரெட்களை ஒரே நேர்கோட்டில் பதித்தால் நடுவில் கம்பி இடிக்கும். கழுத்து மிக மெல்லிதாக உள்வாங்கி வளைந்திருக்க வேண்டும். 7ஆம் ஃப்ரெட் பக்கம் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் போதும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இந்த வளைவைக் காக்கத்தான் இருக்கிறது. ஒரு விசிட்டிங் கார்டின் கனம்தான் நல்ல கிட்டாருக்கும் 'ஜ்ஜ்' கிட்டாருக்கும் உள்ள தூரம்.

இந்த அளவு நுணுக்கமான தூரத்தைத் தாமிரபரணிக் கரையின் வானிலை ஆண்டுக்கு ஆண்டு அலைக்கழிக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கிழக்கே திருநெல்வேலியில் மலையைத் தாண்டி இறங்கிய காற்று ஈரத்தை மேற்கிலேயே விட்டுவிட்டு வறண்டு வீசும். சித்திரை, வைகாசி வெயிலைச் சொல்லவே வேண்டாம். பிறகு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் சுவரெல்லாம் ஈரம். மரம் ஈரத்தை உறிஞ்சினால் நாருக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். காய்ந்த காலத்தில் கிட்டாரின் மேல்பலகை அமுங்குகிறது, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜும், கம்பியைத் தாங்கும் சேடிலும் கூடவே இறங்குகின்றன, கம்பி ஃப்ரெட்டை நெருங்குகிறது, பஸ் அடிக்கிறது. மழைக்காலத்தில் பலகை புடைத்து ஆக்‌ஷன் ஏறும்; பஸ் போய்விடும், விரல் நோகும். 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் கிட்டார் நிம்மதியாக இருக்கும் என்று செய்பவர்கள் சொல்கிறார்கள். நம் ஊரில் அதற்கு வாய்ப்புள்ள மாதங்கள் சொற்பம். வீணைக்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு. வீணையின் ஃப்ரெட்களான 24 மெட்டுகளும் மரத்தில் அறைந்தவை அல்ல, கரி கலந்த மெழுகின் மேல் உட்கார்ந்தவை. கோடையில் மெழுகு இளகி மெட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த மெட்டில் கம்பி இரையத் தொடங்கும். மெட்டுகளை மறுபடி மெழுகில் பதிக்க, மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டியதுதான்.

வீணைக்காரரும் மெட்டில் எழும் இரைச்சலைப் பழுது என்றுதான் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அதே வீணையின் குதிரையில், உலோகத் தகடு பதித்த அந்த அகலமான மேற்பரப்பில், கம்பி உரசி எழுப்பும் இனிய கார்வையை அவர் விரும்புகிறார். ஒரே கருவியில் ஓர் இடத்தில் தொட்டால் பழுது, இன்னோர் இடத்தில் தொட்டால் அழகு.

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் சர் சி. வி. ராமன். திருச்சி திருவானைக்காவலில் 1888இல் பிறந்தவர். 1921இல் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தபோது இந்தியக் கம்பிக் கருவிகளைப் பற்றிச் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார். கடலின் நீலத்தைப் பார்த்து வியந்த கப்பல் பயணமும் அதே ஆண்டில்தான். நீலத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். தம்புராவைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அது பெரிய மனக்குறை.

அவர் எடுத்துக்கொண்டது இயற்பியலாளர் தாமஸ் யங் காலத்திலிருந்து எல்லாரும் நம்பிய ஒரு விதி. கம்பி அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் பிறக்கின்றன. ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் கம்பியின் மேல் அசையாத இடங்கள், அதாவது கணுக்கள் உண்டு. ஒரு மேற்சுரத்தின் கணுவிலேயே விரலை வைத்து மீட்டினால் அந்த மேற்சுரம் பிறக்கக் கூடாது. கம்பியை நட்ட நடுவில் மீட்டினால் 2, 4, 6 என்ற இரட்டைப்படை மேற்சுரங்கள் அத்தனையும் ஊமையாகிவிட வேண்டும். தம்புராவை நாம் மீட்டுவதோ கம்பியின் நடுப்பக்கத்தில்தான்! விதிப்படி அது வெறுமையாக ஒலிக்க வேண்டும். ராமன் காதுகொடுத்துக் கேட்டார். ஒலிக்கக் கூடாத மேற்சுரங்கள் ஓங்கி ஒலித்தன. தம்புரா, வீணை இரண்டிலும் விதி உடைந்தது.

காரணம் குதிரையில் இருந்தது. கிட்டாரின் சேடில் குறுகலான ஒரு விளிம்பு. கம்பி அங்கே ஒரே புள்ளியில் முடிகிறது. தம்புராவின் குதிரை விரல் அகலத்துக்கு மேல் படர்ந்து, மெல்லச் சரியும் வளைவு கொண்டது. கம்பி கீழே வரும்போது அந்த வளைவின் மேல் படிகிறது. மேலே போகும்போது விலகுகிறது. தரையில் பத்தமடைப் பாயைச் சிறிது விரித்துச் சிறிது சுருட்டினால் எப்படித் தொடும் கோடு முன்னும் பின்னும் போகுமோ, அப்படியே கம்பியும் குதிரையும் பிரியும் இடம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கம்பி குதிரையின் மேல் செலுத்தும் விசை வழவழப்பான அலையாக இல்லாமல், ஒவ்வோர் அதிர்விலும் ஒருமுறை வரும் சுருக்கமான உந்தலாக மாறுகிறது என்று ராமன் விளக்கினார். சுருக்கமான உந்தலுக்குள் எல்லா மேற்சுரங்களும் அடங்கியிருக்கும். அடிப்படை அதிர்விலுள்ள ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி ஏறுகிறது. இழை என்ன செய்கிறது? கம்பியைக் குதிரையின் பரப்பிலிருந்து துளியளவு தூக்கி, இந்தத் தொடுகை எந்தக் கட்டத்தில், எவ்வளவு மென்மையாக நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதன் பலன் என்னவென்று ஓர் எண்ணால் சொல்லலாம். நடுவில் மீட்டிய சாதாரணக் கம்பியில் 5ஆம் மேற்சுரத்தின் வீச்சு அடிப்படையின் 25இல் ஒரு பங்குதான். அந்த 5ஆம் மடங்குதான் அந்தர காந்தாரம். நல்ல தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கும் என்று வித்வான்கள் சொல்வதை உயர்வுநவிற்சி என்று எண்ண வேண்டாம். ஜீவா பிடித்த கம்பியில் அது பல மடங்கு வலுத்து, காதுக்குத் தனிச் சுரமாகவே கேட்கிறது. மனிதக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையில்தான் மிகக் கூர்மை. மந்தர ஸட்ஜத்தின் அடிப்படை அதிர்வெண் நூறுக்கும் கீழே இருந்தாலும், அதன் மேற்சுரங்கள் ஏறி அந்தப் பகுதியை நிரப்புகின்றன. பாடகரின் முதுகுக்குப் பின்னால் மெல்லத் தடவப்படும் கம்பி, மிருதங்கமும் வயலினும் முழங்கும்போதும் அவர் காதில் விழுவது இதனால்தான்.

நம் பகுதிக்காரரான ஆபிரகாம் பண்டிதரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சையில் சித்த மருத்துவராக வாழ்ந்து, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டவர். சுரத்தானங்களை நிறுவக் கம்பி நீளங்களைப் பல தசம இடங்கள் வரை கணக்கிட்டார். அந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் கம்பி இரண்டு கூரிய முனைகளுக்கிடையே நிற்கும் ஒரு கோடு. ஆனால் அகலமான குதிரையின் மேல் கம்பிக்கு ஒரே நீளம் என்பது கிடையாது. ஒவ்வோர் அதிர்விலும் நீண்டு குறுகுகிறது. பண்டிதர் நூல் வந்து நான்கே ஆண்டுகளில் ராமன் கட்டுரை வந்தது. 1919இல் பண்டிதர் மறைந்துவிட்டார். இருவரும் சந்தித்துப் பேசியிருந்தால் தமிழிசை ஆராய்ச்சிக்கு எவ்வளவோ கிடைத்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இப்போது ஃப்ரெட்டுக்குத் திரும்புவோம். குதிரை கம்பியின் முனையில் இருக்கிறது. அங்கே வீச்சு மிகக் குறைவு. தொடுகை ஓர் உரசல்தான். ஃப்ரெட்டோ கம்பியின் ஓடுபாதை நடுவே நிற்கிறது. அங்கே கம்பி வேகமாக வந்து ஒரு கூரிய முகட்டில் அடிக்கிறது. ஒவ்வோர் அடியிலும் ஆற்றல் மரத்துக்குள் போய் வீணாகிறது, கார்வை குறைகிறது. குதிரையின் உரசல் எந்தச் சுரத்துக்கும் ஒன்றாக இருக்கும். ஃப்ரெட்டின் அடி 3இல் கேட்கும், 4இல் கேட்காது. ஒரு கம்பியில் வரும், அடுத்ததில் வராது. வைகாசியில் இருக்கும், ஐப்பசியில் இருக்காது. வாசிப்பவர் கேட்காமலே வந்து, கேட்காமலே போகும் ஒலி அது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கட்டுப்பாடின்மைதான். தம்புராவின் இழையை நீங்கள் நகர்த்தலாம், எடுத்தும் விடலாம். உயர்ந்துவிட்ட ஒரு ஃப்ரெட்டை வாசிக்கும்போது உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இரைச்சலே கூடாது என்று நம் மண் ஒருநாளும் சொன்னதில்லை. வில்லுப்பாட்டைப் பாருங்கள். நெல்லைச் சீமையின் கொடை விழாக்களில் குடத்தின் மேல் சாய்த்து நிறுத்திய அந்த நீண்ட வில்லில் வரிசையாக மணிகள் தொங்கும். வீசுகோலால் நாணை அடித்தால் நாணின் அதிர்வு மணிகளை உலுக்கும். நாண் மட்டும் என்றால் 'தொம்' என்று மங்கிய ஒலிதான். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் போன்ற கலைஞர்கள் கூட்டத்தைக் கட்டிப்போட்ட அந்தத் துடிப்பில் பாதி மணிகளின் சலசலப்பு. மிருதங்கத்தின் வலந்தலையில் தோல்களுக்கு இடையே குச்சி செருகுவதும், கப்பி மிருதங்கத்தில் பொடிக்கல் வைப்பதும் இந்த இனம்தான். ஆப்பிரிக்காவின் கோரா யாழில் உலோகத் தகடும் வளையங்களும் கட்டி ரீங்காரம் சேர்க்கிறார்கள். ஜப்பானின் ஷாமிசெனில் ஒரு கம்பியைக் கழுத்தின் மேல் உரசவிட்டு அதற்கு 'சவாரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலேயே ஒரு காலத்தில் யாழின் ஒவ்வொரு நரம்பிலும் இரையும் ஆணி பொருத்தி வாசித்தார்கள். பிறகு அந்த ஒலியைக் கைவிட்டார்கள். கிட்டார் அந்தக் கைவிட்ட பிறகான உலகத்தின் பிள்ளை. 1967 வாக்கில் அமெரிக்காவில் கோரல் என்ற எலெக்ட்ரிக் சிதார் வந்தது. பெயர் சிதார், கையில் பிடித்தால் கிட்டார். சேடிலுக்குப் பதில் தட்டையான அகலக் குதிரை வைத்து, கம்பி முழுக்க ஒரே சீராக இரையும்படி செய்திருந்தார்கள். கிட்டாருக்கு இரைச்சல் வேண்டும் என்று தோன்றியபோது அவர்களும் ஃப்ரெட்டைத் தொடவில்லை, குதிரையைத்தான் மாற்றினார்கள்.

ஃப்ரெட் பஸ்ஸை விரும்பி வைத்துக்கொள்பவர்கள் யாருமே இல்லையா என்றால், ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கலைஞர்கள் இருக்கிறார்கள். கிளாசிக்கல் கிட்டாரில் 12ஆம் ஃப்ரெட்டின் மேல் தடித்த கம்பி 4 மில்லிமீட்டர் அருகே நிற்கும். ஃபிளமெங்கோவில் 3 அல்லது அதற்கும் கீழே. ஓங்கி மீட்டினால் கம்பி ஃப்ரெட்களில் மோதி ஒரு முரட்டுத்தனம் வரும். ஆடுபவரின் காலடிக்கும் கைதட்டலுக்கும் நடுவே அது தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். அங்கும் எல்லா ஃப்ரெட்டிலும் சமமாக, கை ஓங்கினால் மட்டுமே வருமாறு அமைத்திருப்பார்கள். மென்மையாக வாசித்தால் சுத்தமாக ஒலிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. உங்கள் கிட்டாரில் ஓங்கி அடிக்கும்போது மட்டும் எல்லாக் கம்பிகளிலும் லேசான 'ஜ்ஜ்' வந்தால் விட்டுவிடுங்கள். ஆக்‌ஷன் தாழ்ந்திருப்பதற்கு அது விலை, கூட்டத்தில் யார் காதிலும் விழாது. இயல்பாக மீட்டும்போதே ஓரிரு சுரங்களில் மட்டும் வந்தால் அது பழுது. அதற்கு 'ரசம்' என்று பெயர் சொல்லிச் சமாதானம் ஆக வேண்டாம்.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. அழுத்தாத கம்பியில் மட்டும் வந்தால் தலைப்பக்க நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் நான்கு ஃப்ரெட்களில் வந்தால் கழுத்து நேராகிவிட்டது, அல்லது பின்னால் வளைந்துவிட்டது. 10க்கு மேல் வந்தால் சேடில் தாழ்ந்திருக்கும், வறண்ட மாதங்களில் பலகை அமுங்கியதும் காரணமாகலாம். ஒரே ஒரு சுரத்தில் வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட்களில் ஏதோ ஒன்று எழும்பியிருக்கிறது. ஏடிஎம் கார்டின் நேர்விளிம்பை மூன்று ஃப்ரெட்களின் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் நடுவிலுள்ளதுதான் உயர்ந்தது. அதை ராவிச் சமன் செய்வது கைத்தொழில் தெரிந்தவர் வேலை.

வெயில் காலத்தில் கிட்டாரைச் சுவரில் தொங்கவிடாமல் பெட்டியில் வையுங்கள். ஈரப் பஞ்சைத் துளையிட்ட சோப்பு டப்பாவில் போட்டுப் பெட்டிக்குள் ஓர் ஓரத்தில் வைத்தால் ஆனிக் காற்றையும் சமாளிக்கலாம். பஞ்சு மரத்தில் படக் கூடாது. ட்ரஸ் ராட்டைத் திருப்பத்தான் வேண்டும் என்றால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பிய பிறகு ஓர் இரவு விட்டு, மறுநாள் கம்பியைச் சுருதி சேர்த்துக் கேட்டுவிட்டு அடுத்த கால் சுற்றுக்குப் போங்கள்.